புகைக்கூண்டு வழியே ஒரு குடை

அந்த யோசனை வந்த நேரத்தில் நான் சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடந்தேன். வயிற்றில் ஈரத்துண்டு. முகத்துக்கு நேரே போன். அதில், பசறை டவுனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது இறக்கி வைத்திருந்த வீடியோ ஒன்று. ஆடி மாதத்து மத்தியானம். மேலே தகரக் கூரை டக், டக் என்று தெறித்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறும்போது, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துத் தகரம் அப்படித்தான் பேசும். பக்கத்துக் கட்டிலில் அண்ணி, ஏழு மாத வயிற்றோடு, இடப்பக்கமாகப் படுத்துக் கலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

வீடியோ, அமெரிக்காக்காரர்கள் முதன்முதலாக வானத்துக்கு அனுப்பிய விண்வெளி நிலையத்தைப் பற்றியது. நிலையம் மட்டும் ஆளில்லாமல் முதலில் போயிருக்கிறது. போகிற வழியிலேயே, வெயிலைத் தடுக்க வைத்திருந்த கவசம் பிய்ந்து போய்விட்டது. உள்ளே அடுப்பு மாதிரிச் சூடு. சாப்பாடு கெட்டுவிடும், ஃபிலிம் கெட்டுவிடும், சுவரில் இருக்கிற சாமான் சூடேறி விஷக்காற்று கிளம்பும் என்று கீழே இருந்தவர்களுக்குப் பயம். பின்னாலேயே போக வேண்டிய மூன்று பேரைச் சில நாள் நிறுத்தி வைத்துவிட்டு, அவசர அவசரமாக ஒரு குடை செய்திருக்கிறார்கள். குடையேதான். தூண்டில் கம்பு மாதிரி நீளுகிற நான்கு கைகள், அவற்றில் கட்டிய துணி. துணிகளைத் தையல் மெஷினில் வைத்துத் தைத்த பெண்களையும் காட்டினார்கள். அந்த மூன்று பேரும் மேலே போய், வெயில் படுகிற பக்கத்துச் சுவரில் கருவிகளை நீட்டுவதற்காக விட்டிருந்த சின்னத் துவாரம் வழியாக, உள்ளே இருந்தபடியே மடக்கிய குடையை வெளியே தள்ளி, அங்கே விரித்தார்கள்.

போனை இறக்கினேன். நேரே மேலே எங்கள் புகைக்கூண்டு.

பெரிதாக ஒன்றும் இல்லை. முந்தி இந்தப் பின்காம்பராதான், பின்பக்கத்து அறைதான், எங்களுக்கு அடுப்படி. விறகுப் புகை போவதற்குக் கூரையில் ஒரு சதுர ஓட்டை, அதற்கு மேலே ஒரு தகர மூடி. அண்ணன் பின்னால் கொட்டகை போட்டு அடுப்பை வெளியே மாற்றியதிலிருந்து அந்த ஓட்டைக்கு வேலையில்லை. மூடியின் ஓரத்தில் ஒரு கோடு வெளிச்சம் மட்டும் தெரியும்.

"அண்ணி, புகைக்கூண்டு வழியா குடை விரிக்கலாம்."

"விரி. அப்படியே நீயும் மேல போயிரு. காம்பராவுல ஒரு ஆளு சூடாவது குறையும்."

அண்ணி அப்படித்தான். ஆனால் அன்றைக்கு அவள் குரலில் விளையாட்டு பாதிதான் இருந்தது. கட்டிலுக்குக் கீழே அவளுடைய பேக் இருந்தது. அதில் இரண்டு சீலை, கிளினிக் காட், குழந்தைக்கு என்று யாரோ கொடுத்த மஞ்சள் தொப்பி எல்லாம் ஏற்கனவே போய்விட்டன. நுவரெலியாப் பக்கம் அவளுடைய அம்மா வீடு. அங்கே ஆடியிலும் கம்பளி வேண்டும். நாள் தவறாமல் போன் வரும்: "அந்தத் தகரத்துக்குக் கீழ ஏன் வேகுற, இங்க வந்துரு."

வரச் சொல்வது சுலபம். போன தடவை அண்ணிக்குப் பிள்ளை தங்கவில்லை. இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: படுத்தே இருக்க வேண்டும், பஸ், ஆட்டோ, குலுக்கல் எதுவும் கூடாது. ரயிலில் போனாலும் இறங்கிய பிறகு எஸ்டேட் ரோடு இருக்கிறதே, கல்லும் குழியுமாக அது குலுக்குகிற குலுக்கில் நல்ல ஆளுக்கே இடுப்பு விட்டுப்போகும். இங்கேயே இருக்கலாம் என்றால் இந்தச் சூடு. அந்த வாரத்தில் இரண்டு தடவை அண்ணி மயங்கிவிட்டாள். ஒரு தடவை நான்தான் பக்கத்தில் இருந்தேன். கன்னத்தைத் தட்டினேன், தண்ணீர் தெளித்தேன், கண் திறக்கிற வரைக்கும் விசிறினேன். அதன் பிறகு அண்ணன் சொல்லிவிட்டான்: "ஞாயித்துக்கெழமை மாதா கோயில் பூசை முடிஞ்சதும் நானே கொண்டு போய் விட்டுர்றேன். மெதுவா ஓட்டிக்கிட்டுப் போறேன்." அண்ணன் ஹாலிஎல ஸ்டேஷனடியில் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் மெதுவாக ஓட்டி நான் பார்த்ததில்லை.

ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் காம்பராவைக் குளிர வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அண்ணி அந்த ரோட்டில் போவாள்.

மேலே ஏறித் தென்னோலையோ புல்லோ போட்டால் முடிந்தது என்று டவுன்காரர்கள் சொல்வார்கள். கூரை எங்களுடையது இல்லையே. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். ஆணி அடிப்பதென்றாலும் ஆபீஸில் சொல்ல வேண்டும், சொன்னால் பார்க்கலாம் என்பார்கள், பார்க்க வருவதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிடும். போதாததற்கு ஒரே கூரை, அதன்கீழே வரிசையாகக் குடும்பங்கள். துருப்பிடித்த தகரத்தில் எங்கள் வீட்டுக்கு மேலே நான் கால் வைத்தால் மூன்றாம் வீட்டுச் சோற்றுப்பானையில் துரு கொட்டும். போன வருடம் ஒருத்தர் டிவி அன்டெனாவைத் திருப்ப ஏறி, இரண்டு வீடு ஒழுகி, அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. அதனால் கூரைக்கு மேலே யாரும் ஏறுவதில்லை என்பது எங்கள் லயத்தில் எழுதாத சட்டம்.

நிலையத்தில் இருந்த அந்த மூன்று பேருக்கும் இதே கதைதான். வெளியே போகாமல் வேலை முடிய வேண்டும்.

எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஏ.எல். பரீட்சையில் கணிதம் எழுதி, ரிசல்ட் வந்து, கெம்பஸில் படிக்கக் கூப்பிடுவார்கள் என்று மாதக்கணக்காகக் காத்துக்கிடக்கிறேன். பசறையில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். மற்ற நேரம் காம்பராவுக்கும் வாசலுக்கும் நடந்து நடந்தே பொழுது போகிறது. "கால்ல சக்கரம் கட்டியிருக்கா இவளுக்கு," என்பாள் அம்மா. அன்றைக்கு அந்தச் சக்கரத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. வெயிலிலேயே ஓடை வரைக்கும் போய் மூங்கில் வெட்டினேன். நான்காகப் பிளந்தேன். எங்கள் காம்பரா எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் கையின் நீளம், அதற்கு மேல் உள்ளேயிருந்து நிமிர்த்த முடியாது. சைக்கிள் டியூப்பை வெட்டி மூட்டு வைத்தேன். நடுக் கம்பின் வழியாக ஒரு கயிறு. இழுத்தால் நான்கு கையும் விரியும், விட்டால் மடங்கும்.

துணிக்கு அம்மாவிடம் போனேன். அம்மா கொழுந்தெடுக்கிறவள். மலைக்குப் போகிற பெண்கள், தேயிலைச் செடி கிழிக்காமலும் பனி நனைக்காமலும் இருக்க இடுப்பைச் சுற்றித் தடித்த பிளாஸ்டிக் சீலை ஒன்றைக் கட்டுவார்கள். அதைப் படங்கு என்போம். பழைய படங்கு எல்லா வீட்டிலும் கிடக்கும்.

"படங்கைத் தூக்கிக் கூரையில போடப் போறியா? அது மானத்தை மறைக்கக் கட்டுறதுடி," என்றாள் அம்மா.

"இப்ப வானத்தை மறைக்கக் கட்டுவோம்மா."

பக்கத்துக் காம்பரா அக்காவிடம் தையல் மெஷின் இருக்கிறது. பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிறவர். படங்கு கறுப்பு, வெயிலைக் குடிக்கும். அதனால் மேற்பக்கம் கழுவிக் காயவைத்த வெள்ளை உரப்பை வர வேண்டும் என்று நான் விளக்கினேன். நிலையம், மூன்று பேர், குடை, எல்லாம் சொன்னேன். அக்கா நூலைக் கடித்துக்கொண்டே கேட்டார்:

"அந்த மேல போனவங்கள்ல பொம்பள இருந்துச்சா?"

"இல்லக்கா, மூணும் ஆம்பளைங்க."

"ஆனா தைச்சது பொம்பளைங்க."

"ஆமாங்கக்கா."

"அங்கயும் அப்படித்தானா," என்று மிதியை மிதித்தார்.

மறுநாள் சாயங்காலம் அம்மாவும் அவளோடு மலைக்குப் போகிற இரண்டு பேரும் வேலை விட்டு வந்ததும் மூங்கில் நுனிகளில் துணியைக் கட்டினோம். படங்குகளில் கட்டுவதற்கான நாடா ஏற்கனவே இருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டார்கள். எவ்வளவு இறுக்கிக் கட்ட, எப்படிக் கட்ட என்று. நான் அவசரத்தில் இருந்தேன். "காலைல மலைக்குப் போறப்போ கட்டுற மாதிரியே கட்டுங்க," என்றேன். கண்ணை மூடிக்கொண்டே கட்டினார்கள். அவர்கள் விரல்களுக்கு அது நாள்தோறும் செய்கிற வேலை.

குடையை மேலே தள்ளியது அடுத்த நாள் விடிந்த கையோடு. அண்ணியை முன்காம்பராவுக்கு மாற்றிவிட்டு, நானும் அண்ணனும் மேசைமேல் ஏறி நின்று, புகைக்கூண்டு மூடியைக் கம்பால் நெம்பித் தள்ளினோம். தூசியும் பழைய கரியும் எங்கள் முகத்தில் கொட்டின. மடக்கிய குடை ஓட்டையில் உரசி உரசி ஏறியது. கயிற்றை இழுத்தேன். மேலே மூங்கில் நெறிபட்டது. அம்மா வாசலில் நின்று, கூரையைப் பார்த்து நேர்முக வர்ணனை சொன்னாள்: "ஒன்னு விரிஞ்சிருச்சு. ரெண்டு. மூணு. நாலாவது மொண்டி பிடிக்குது."

நாலாவது கை கடைசிவரை பாதிதான் விரிந்தது; அப்படியே கயிற்றின் நுனியை மேசைக் காலில் கட்டினேன். துணி ஒரு பக்கம் சுருங்கி நின்றது. பரவாயில்லை, நிலையத்தில் விரித்த குடையும் சுருக்கத்தோடுதான் இருந்தது என்று நான் சொன்னேன். "அப்ப சரியாத்தான் செஞ்சிருக்க," என்றான் அண்ணன், கண்ணிலிருந்து கரியைத் துடைத்துக்கொண்டே.

சூடு குறைந்ததா என்று எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டில் சூடு பார்க்கிற கருவி கிடையாது. மாதா படத்துக்கு முன்னால் வைத்த மெழுகுவர்த்திதான் எனக்கு அளவு. ஆடி பிறந்ததிலிருந்து அது தினமும் மத்தியானத்தில் இடுப்பு ஒடிந்து, தலை குனிந்து நிற்கும். சாயங்காலம் அம்மா அதைத் தடவி நிமிர்த்துவாள். அன்று மத்தியானம் டியூஷனை ஒத்திப் போட்டுவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். மெழுகுவர்த்தி லேசாகச் சாய்ந்தது. அவ்வளவுதான். குனியவில்லை.

"அண்ணி, சூடு குறைஞ்சிருக்கா?"

"இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து: "அண்ணி, இப்ப?"

"ம்."

"தலைமாட்டுலயா, கால்மாட்டுலயா அதிகமா குறைஞ்சிருக்கு?"

அண்ணி கண்ணைத் திறந்தாள். "புள்ள, எத்தனையோ நாளைக்கு அப்புறம் இப்பதான் எனக்குக் கண்ணு சொக்குச்சு. எழுப்பி எழுப்பித் தூங்கினியா தூங்கினியான்னு கேக்குற. வெளிய போறியா?"

வெளியே போனேன். வாசல்படியில் உட்கார்ந்து மீதி வீடியோவைப் பார்த்தேன். அதே நிலையத்துக்கு மூன்றாவதாகப் போன ஆட்களுக்குக் கீழே இருந்து ஓயாமல் வேலை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இதைப் பார், அதை அள, இதை எழுது. ஒரு கட்டத்தில் அவர்கள், எங்களுக்கு மூச்சுவிட நேரம் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். பிறகுதான் கீழே இருந்தவர்கள் வேலையைக் குறைத்து, அவர்களையும் கேட்டு நேரம் ஒதுக்கினார்கள். இவ்வளவு நேரமும் நான் என்னை அந்த மூன்று பேரில் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எங்கே மேலே போனேன்? நிலையத்துக்குள்ளே இருப்பது அண்ணி. நான் கீழே இருந்து போனில் நச்சரிக்கிற கூட்டம்.

இரண்டு நாள் அப்படிப் போனது. அண்ணி மத்தியானத்தில் தூங்கினாள். அவள் அம்மாவின் போனுக்கு, "பாப்போம்மா, இப்பக் கொஞ்சம் பரவாயில்லை," என்றாள். நான் கட்டிலுக்குக் கீழே பேக்கைப் பார்த்தேன். அது அங்கேயே இருந்தது, ஆனால் மஞ்சள் தொப்பி வெளியே வந்து தலையணைப் பக்கத்தில் கிடந்தது.

மூன்றாம் நாள் காற்று வந்தது.

நமுனுகுலப் பக்கமிருந்து இறங்கும் ஆடிக்காற்றுக்கு முன்னறிவிப்பு கிடையாது என்று நான் நினைத்திருந்தேன். முதலில் ஒரு தள்ளு. கூரை முனகியது. இரண்டாவது தள்ளில் மேலே பட்டென்று ஒரு சத்தம். நான்கு மூலையும் ஒரே நேரத்தில் அவிழ்ந்து, துணி முழுசாகக் கிளம்பிப் போனது. வாசலுக்கு ஓடி வந்து பார்த்தபோது எங்கள் வானம் தேயிலைக்கு மேலே வெள்ளை வயிறும் கறுப்பு முதுகுமாகப் புரண்டு புரண்டு போய்க்கொண்டிருந்தது. காலையில் ஆள் கூடி வேலை பிரிக்கிற பெரட்டுக்களம் கீழே இருக்கிறது. அந்நேரம் அங்கே கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். நேராகத் தராசுமேல் போய் விழுந்தது.

சிரிப்பு மலை ஏறி என் காதுக்கு வந்தது.

சாயங்காலம் கணக்கப்பிள்ளை ஐயாவே துணியைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். மலையில் வேலை பார்க்கிறவர்களை மேய்க்கிற ஆள்; கூரை விஷயம் ஆபீஸுக்குப் போவதும் போகாததும் அவர் கையில். அம்மா முந்தானையை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"இது யாரு வீட்டு வானம்?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுதுங்கய்யா."

"கூரையில ஏறுனீங்களா?"

"இல்லைங்கய்யா. உள்ளேருந்துதான்."

"உள்ளேருந்தா?"

நான் கூட்டிக்கொண்டு போய்ப் புகைக்கூண்டைக் காட்டினேன். எலும்புக்கூடாக நின்ற மூங்கிலை அண்ணாந்து பார்த்தார். பிறகு கட்டிலையும் அண்ணியையும் பார்த்தார். "ஏறலைன்னா நான் ஒன்னும் பார்க்கல," என்று சொல்லிவிட்டுத் துணியை மேசையில் வைத்தார். வாசல் தாண்டும்போது, "அடுத்த தடவை தராசுல விழுந்தா கொழுந்தோட சேத்து நிறுத்துருவேன்," என்றார்.

அம்மா துணியின் மூலைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். எதுவும் கிழியவில்லை. நாடாக்கள் அப்படியே முழுசாக இருந்தன. அம்மாதான் முதலில் சிரித்தாள்.

"படங்கு முடிச்சுல கட்டியிருக்கோம்."

"அதுக்கென்ன?"

"ஒரே இழுப்புல அவுர்றதுக்குத்தானே அந்த முடிச்சு. சரிவுல சறுக்குனா, குளவி கலைஞ்சா, செடியில மாட்டிக்கிட்டுத் தொங்க முடியுமா? இழுத்து விட்டுட்டு ஓடணும்."

மலைக்குப் போகிற மாதிரியே கட்டுங்கள் என்று சொன்னவள் நான். அப்படியே கட்டினார்கள். காற்று ஒரே இழுப்பு இழுத்தது. நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். பிறகு பார்த்தால் அண்ணி மட்டும் சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

"நான் போறேன்," என்றாள் அம்மாவைப் பார்த்து. "தப்பா எடுத்துக்காதீங்க. நேத்துத் தூங்கிட்டு இன்னைக்கு வேகுறது அதைவிடக் கஷ்டமா இருக்கு. ஞாயித்துக்கெழமை போயிர்றேன்."

அம்மா அடுப்பைப் பார்க்கப் போனாள். மஞ்சள் தொப்பி பேக்குக்குள் திரும்பிப் போனது. நான் காம்பராவிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து காம்பராவுக்கு.

"நட, நட," என்றாள் அண்ணி. "உன் காத்துலயாவது கொஞ்சம் குளுறுதான்னு பாக்குறேன்." கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்: "அந்த மூணு பேரும் வேகுது வேகுதுன்னா ஏன் அங்கயே இருந்தாங்க? திரும்பி வந்திருக்கலாமே."

"கடைசிவரைக்கும் இருந்துட்டுத்தான் வந்தாங்க, அண்ணி. கிட்டத்தட்ட ஒரு மாசம்."

"அவங்க அம்மா போன் பண்ணி வா வான்னு கூப்பிடல போல."

"ரெண்டாவதா போனவங்க அந்தக் குடைக்கு மேலயே வேற துணியை விரிச்சாங்க. முதல் துணி வெயில்ல ரொம்ப நாள் தாங்காதுன்னு."

அண்ணி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். வாரக்கணக்காக அவள் பார்ப்பது அந்தக் கூரையைத்தான். "உன் குடை நடு ஓட்டையில நின்னுச்சு," என்றாள் மெதுவாக. "காலை வெயில் பெரிசா சுடல. சோத்துக்கு அப்புறம் இந்தப் பக்கம் சாயிற வெயில்தான் என்னைக் கொல்லுது. ஆணி ஓட்டை வழியா வர்ற வெளிச்சம் தினமும் என் காலு மேல ஏறி வரும், நான் பாத்துக்கிட்டேதான் கிடக்கேன். இந்தப் பக்கம் மட்டும் மறைச்சா போதாதா? அரைக் குடை."

அரைக் குடை என்றால் காற்று பிடிக்கிற இடமும் பாதி. நான் நடப்பதை நிறுத்தினேன்.

"காத்து வர்றதும் தெரியும்," என்றாள். "வர்றதுக்கு முன்னாடி கடைசி வீட்டுத் தகரம் முதல்ல முனகும். அப்புறம்தான் நம்ம வீட்டுக்கு வரும். நீ எப்பவும் பேசிக்கிட்டே இருக்கிறதால உனக்குக் கேக்கல."

இதை எழுதுகிற இன்று சனிக்கிழமை. பேக் கதவருகே இருக்கிறது. ஆட்டோவுக்குப் பெட்ரோல் அடித்தாகிவிட்டது என்று அண்ணன் சொல்லிவிட்டான். அண்ணி ஒரே ஒரு வார்த்தைதான் கொடுத்திருக்கிறாள்: நாளை மத்தியானம் தாக்குப்பிடிக்க முடிந்தால் அவள் அம்மாவுக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்வாள். முடியாவிட்டால் வெயில் தாழ்ந்ததும் புறப்படுவாள். அதற்காகப் பயணத்தைச் சாயங்காலத்துக்குத் தள்ளி வைக்க அண்ணனிடம் அவளே பேசினாள்.

பக்கத்துக் காம்பரா அக்கா துணியைப் பாதியாக வெட்டி, ஓரத்தை இரட்டையாக மடித்து அடித்துக் கொடுத்துவிட்டார். மூங்கில் இப்போது இரண்டு கைதான், இரண்டும் வெயில் சாயும் பக்கம். மூலைகளை அம்மா விறகுக்கட்டு கட்டுகிற முடிச்சில் கட்டியிருக்கிறாள். நான் தொங்கிப் பார்த்தேன், நெகிழவில்லை. நாளை விடிந்ததும், பூசைக்குப் போவதற்கு முன்னால், காற்று எழும்பாத நேரத்தில் மேலே தள்ளுகிறோம்.

விரிக்கிற கயிற்றின் நுனியை மட்டும் இந்தத் தடவை மேசைக் காலில் கட்டப் போவதில்லை. கட்டில் சட்டத்தில், அண்ணியின் வலது கை எட்டுகிற இடத்தில், படங்கு முடிச்சில் கட்டுவோம். கடைசி வீட்டுத் தகரம் முனகினால் படுத்தபடியே ஒரே இழுப்பு; கயிறு அவிழும், குடை மடங்கும். காற்று போனதும் திரும்ப விரிக்க நான் இருப்பேன். வாசல்படியில்தான். கூப்பிட்டால் மட்டும் உள்ளே வருவதாக அண்ணியிடம் ஒத்துக்கொண்டிருக்கிறேன். மாதா படத்துக்கு முன்னால் புது மெழுகுவர்த்தி ஒன்றை நிறுத்தி வைத்தாயிற்று.